குரல் கேட்டால் போதும்

செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு இடைவேளை

என் அருமை வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் நாவலை ஒரு வரி விடாமல் படித்து முடித்தேன். முதல் பக்கத்திலேயே என்னைக் கொன்றுவிட்டாய். அதுவும் மூன்றே வரியில். ஒரு காய்ச்சல், ஒரு ஆஸ்பத்திரி என்று கொஞ்சம் இழுத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். செத்துப்போனவள் எழுதுகிற கடிதம் இது. மரியாதையாக உட்கார்ந்து படி.

புத்தகத்தைக் கையில் கொடுக்கும்போது நீதான் சொன்னாய். "அம்மாவா படிக்காதம்மா. கடையில வாங்கின ஆளா படி. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லு." நான் அப்படியே படித்தேன். போனில் சொன்னால் பாதியில் நீ சண்டை பிடிப்பாய், நான் சமாதானம் ஆகிவிடுவேன், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் ஹோட்டலில் துணி அடுக்குகிற அறையில், சலவைக்குப் போய் வந்த துண்டு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். டீ ஆறிக்கொண்டிருக்கிறது.

முதலில் உன் அப்பா சமாசாரம். நாவலில் அவரைக் கப்பல் கேப்டன் ஆக்கிவிட்டாயே! மனுஷன் தலைகால் புரியாமல் திரிகிறார். வாளித் தண்ணீரில் கால் வைக்கவே யோசிக்கிறவர், புயலில் சுக்கானைப் பிடிக்கிறார். பட்டறையில் பழைய ஃப்ரிட்ஜைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே கூட வேலை செய்கிறவர்கள் சல்யூட் அடிக்கிறார்களாம். வீட்டிலும் 'கேப்டனுக்குக் காபி வரலையே' என்கிறார். கேப்டன் தானே போட்டுக் குடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் அந்தப் பக்கங்களை மட்டும்தான் படித்திருக்கிறார். அவருக்கு நாவல் பிரமாதம்.

எனக்குப் பிடிக்கவில்லை.

எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தப் போவதில்லை. உன் கதாநாயகி எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தனியாக வெளிநாடு போகிறாள். ஆற்றங்கரையில் நடக்கிறாள், மேகத்தைப் பார்க்கிறாள், ஒரு வயதான ஓவியரோடு மலைமேல் உட்கார்ந்து பேசாமல் இருக்கிறாள், கடைசியில் தன்னைத்தானே கண்டுபிடித்துவிடுகிறாள். அதுவரைக்கும் தேடுகிறாள், தேடுகிறாள், அப்படித் தேடுகிறாள். எங்கள் ஹோட்டலில் மோதிரத்தைத் தொலைத்தவர்கள்கூட இவ்வளவு தேடினதில்லை. இத்தனை நாள் ஊர் சுற்றுகிறவள் ஒரு உள்பாவாடையாவது துவைத்தாளா? அவளுக்கு வயிற்றுப்போக்கு கிடையாதா? வழி தெரியாமல் ஒருத்தரிடமாவது பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு கேட்டாளா? பல்பொடி தீருகிறதே இல்லை. அவளுக்குப் பயமே வரவில்லை, வாயாடி. பயமே வராதவளுக்கு நான் ஏன் பயப்பட வேண்டும்? நூறு பக்கம் தாண்டினதும் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

நான் மட்டும் சொல்லவில்லை. என்கூட நாலாவது மாடி பார்க்கிற நெட்டையைத் தெரியுமில்லையா, அவளும் வாங்கிப் படித்தாள். அட்டையில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்க்கிறாளே, அதைப் பார்த்துவிட்டு, "இந்தப் புத்தகத்துல எல்லாம் ஏன்க்கா முகத்தையே காட்ட மாட்டேங்கிறாங்க?" என்று கேட்டாள். முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது, பாப்பா நல்லாத்தான் எழுதியிருக்கு, ஆனா உள்ளேயும் முதுகுதான் தெரியுது என்றாள். எனக்கு உறைத்தது. தன் பிள்ளையை அடுத்தவள் குறை சொல்லும்போது எப்படி இருக்கும் பார். அவளிடம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அரை நாள் பேசவில்லை.

இப்போது நல்லது சொல்கிறேன். ஒரே ஒரு இடத்தில் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் குளியலறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, கைகழுவும் தொட்டிமேல் குனிந்து, துணுக்கு கீழே விழாமல் காய்ந்த ரொட்டியைத் தின்கிறாளே, அந்த அரைப் பக்கம். விழுந்தால் யாராவது வந்து கூட்ட வேண்டியிருக்கும், யாரும் வரக் கூடாது என்று நினைக்கிறாளே, அதை இரண்டு தடவை படித்தேன். அங்கே முகம் தெரிந்தது. அது நீதான். அடுத்த பக்கத்திலேயே அவளை ஏன் ஆற்றங்கரைக்குத் துரத்திவிட்டாய்?

அதற்குப் பிறகுதான் எனக்குக் கோபம் வந்த இடம். 'யாரோ ஒரு பணிப்பெண் கதவைத் தட்டினாள். நான் திறக்கவில்லை. என் தனிமையே எனக்குப் போதுமானதாக இருந்தது.' அடியே, மனசாட்சியைத் தொட்டுச் சொல். யாரோவா? திறக்கவில்லையா?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாவலில் வருகிற அதே நாட்டுக்கு நீ தனியாகப் போனபோது நடந்தது எனக்கும் உனக்கும்தான் தெரியும். போன முதல் நாளே வழி தவறி, பேருந்தில் எவனோ ஒருத்தன் உன் முகத்துக்கு நேரே கத்தி, நீ ஓடிவந்து அறைக்குள் புகுந்து 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டையைக் கதவில் மாட்டினாய். அப்புறம் வெளியே வரவே இல்லை. என்னிடம் மட்டும் தினமும் போனில் அருங்காட்சியகம், கோட்டை, தோட்டம் என்று அளந்துகொண்டிருந்தாய். உன் குரலுக்குப் பின்னால் குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. இருபத்தைந்து வருஷமாகக் குளியலறைகளோடு குடித்தனம் நடத்துகிறவளிடம் உன் கதை எடுபடுமா? கோட்டைக்குள் ஏதடி எக்ஸாஸ்ட் ஃபேன்?

எங்கள் ரிசப்ஷன் பெண்ணை நம்பர் போடச் சொல்லி, உன் ஹோட்டலைப் பிடித்து, என்னை மாதிரியே அங்கே ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருந்தவளைக் கேட்டு வாங்கிப் பேசினேன். என் இங்கிலீஷும் அவள் இங்கிலீஷும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றன. அறை நம்பர் சொன்னேன், அட்டை என்றேன், என் மகள் என்றேன். வேறு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "நான் தட்டறேன், குரல் கேட்டுட்டு உனக்குச் சொல்றேன்" என்றாள். சொன்னபடி செய்தாள். நீ குரல் கொடுத்தாய், அப்புறம் நீயாகத்தான் திறந்தாய். கை நிறையத் தலையணையோடு உள்ளே வந்தவள் உன்னை எதுவும் கேட்காமல், விரிப்பின் ஒரு முனையை உன் கையில் கொடுத்து 'பிடி' என்றாளாம். தலையணைக்காரி என்று நீதான் அவளுக்குப் பெயர் வைத்தாய். அவள் வேலை முடிந்து போகும்போது உன்னையும் கூட்டிக்கொண்டு போய் அவள் பேருந்தில் ஏற்றி, கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பி வா என்று விட்டாளே. திரும்பி வந்தாயே, தனியாக! ஊருக்கு வந்து என் மடியில் தலை வைத்து இதைச் சொல்லும்போது அழுதாய், நடுவில் சிரித்தாய். நானும்தான். இதைவிட எனக்கு வேறு ஒரு நாவல் வேண்டுமா?

அவளை ஒரு வரியில் 'யாரோ' ஆக்கிவிட்டாய். என்னைக் கொன்றதைக்கூட மன்னித்துவிட்டேன். இதை மன்னிக்கிறதாக இல்லை. வெட்கமாக இருந்ததா? நான்கு சுவருக்குள் பயந்து கிடந்ததைச் சொன்னால் மானம் போய்விடும் என்று நினைத்தாயா? வேலையை விட்டுவிட்டு எழுதப் போகிறேன் என்று அவ்வளவு தூரத்தில் ஒரு மாடி அறை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது நான் ஒரு வார்த்தை குறுக்கே சொன்னேனா? எழுது. ஆனால் திறந்த கதவைத் திறக்கவில்லை என்று எழுதாதே.

டீ பச்சைத் தண்ணீர் ஆகிவிட்டது. மூன்றாவது மாடியில் ஒரு குழந்தை மெத்தையில் பழச்சாற்றைக் கொட்டிவிட்டதாம், போக வேண்டும். கடிதம் கிடைத்ததும் திட்டுவதற்காகவாவது போன் பண்ணு. நேரத்துக்குச் சாப்பிடு, உட்கார்ந்து சாப்பிடு.

உன்மேல் கோபமாக இருக்கிற,
அம்மா


ஞாயிற்றுக்கிழமை, வீட்டில்

என் வாயாடிக்கு,

அம்மாவின் ஆசிகள். போன கடிதம் எழுதிப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். உன்னிடமிருந்து போன் இல்லை. நான் பண்ணினால் எடுப்பதும் இல்லை. செய்தி மட்டும் வருகிறது. 'நல்லா இருக்கேன்மா.' 'வேலையா இருக்கேன்மா.' 'அப்புறம் பேசறேன்மா.' மூன்றையும் மாற்றி மாற்றிப் போடுகிறாய். நேற்று வந்தது முந்தாநாள் வந்ததேதான்.

விமர்சனத்தைப் பார்த்தோம். வாரப் பத்திரிகையில் வந்ததை அப்பாவின் பட்டறையில் யாரோ கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். சுற்றுலா விளம்பரத்தைப் பக்கம் பக்கமாக நீட்டியது போல இருக்கிறது, எழுதியவருக்கு வாழ்க்கை அனுபவம் போதாது, வேறு வேலை பார்க்கலாம் என்று விமர்சகன் போட்டிருந்தான். அப்பா அன்று சாப்பிடவில்லை. பத்திரிகைக்குப் பதில் எழுதுகிறேன் என்று காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார். 'ஐயா' என்று எழுதிவிட்டு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் அந்த 'ஐயா' மேஜைமேல் கிடக்கிறது.

என் கடிதமும் அந்த விமர்சனமும் அநேகமாக ஒரே வாரத்தில் உன் கைக்கு வந்திருக்கும். போதாத காலம், வேறென்ன சொல்ல? ஆனால் நான் எழுதினதில் ஒரு எழுத்தையும் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். அவன் சொன்னதும் நான் சொன்னதும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தால் உன்னைப் போல மக்கு கிடையாது. உனக்கு அனுபவம் இல்லை என்கிறான் அவன். இருக்கிறது, பூட்டி வைத்துவிட்டுச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாய் என்கிறேன் நான். வேறு வேலை பார் என்கிறான் அவன். அந்த அரைப் பக்கம் எழுதினவள் வேறு வேலை எதற்குப் பார்க்க வேண்டும்? உட்கார்ந்து இதே வேலையை ஒழுங்காகப் பார்.

நேற்று எனக்குப் பொறுக்கவில்லை. உன் கீழ்வீட்டிலேயே இருக்கிற வீட்டுக்காரம்மா நம்பர் முன்பணம் கொடுத்தபோது வாங்கி வைத்தது, தேடி எடுத்துக் கூப்பிட்டேன். பாவம், நல்ல மனுஷி. நீ மாடியிலிருந்து இறங்கி வருவதே இல்லையாம். சாப்பாட்டுப் பொட்டலம் வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்களாம், எப்போது எடுக்கிறாய் என்று யாரும் பார்க்கவில்லையாம். சில நாள் பொட்டலம் மறுநாள் காலைவரைக்கும் அங்கேயே இருக்கிறதாம். "கதவைத் தட்டினா, கொஞ்சம் தலைவலி ஆன்ட்டின்னு ஒரு சீட்டு அடியில வருதுங்க. எழுத்து அழகா இருக்கு" என்றார். எழுத்து அழகாக இருக்கிறதாம்.

அட்டையை மறுபடியும் மாட்டிவிட்டாய் என்று புரிந்துகொண்டேன்.

எங்கள் ஹோட்டலில் ஒரு விதி உண்டு. உனக்கு நான் இதுவரை சரியாகச் சொன்னதில்லை. அட்டை மாட்டின அறைக்குள் யாரும் போகக் கூடாது. அது விருந்தாளியின் உரிமை. ஆனால் இரண்டாம் நாளும் அட்டை இறங்கவில்லை என்றால் சூப்பர்வைசர் நேரில் போய் மூன்று தடவை தட்ட வேண்டும். நான் இன்னார் என்று சொல்ல வேண்டும். காத்திருக்க வேண்டும். கதவைத் திறக்கும்படி கேட்கக் கூடாது. குரல் கேட்டால் போதும், வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம். ஆனால் குரல் கேட்டே ஆக வேண்டும். கதவுக்கு அடியில் சீட்டு வந்தால் செல்லாது. டிவி சத்தம் செல்லாது. அறை போனை எடுத்து எடுத்து வைத்தால் அதுவும் செல்லாது.

சீட்டு ஏன் செல்லாது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். முன்பெல்லாம் செல்லும். ஒருத்தர் தங்கியிருந்தார், தங்கமான மனுஷன். தினமும் 'நலமே, சுத்தம் செய்ய வேண்டாம், நன்றி' என்று அழகான கையெழுத்தில் சீட்டு வரும். நெட்டை அதையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, எவ்வளவு மரியாதையான ஆள் பாருங்க என்பாள். அவரைப் பற்றி இன்னொரு சமயம் சொல்கிறேன். இல்லை, சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகுதான் இந்த விதி வந்தது. அன்றிலிருந்து நெட்டை அறைக் கதவைத் தட்டும்போது என்னையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறாள்.

உன் தலையணைக்காரிக்கும் இந்த விதி தெரிந்திருந்தது பார். அதனால்தான் நான் அட்டை என்று ஒரு வார்த்தை சொன்னதும் அவள் மறுபேச்சுப் பேசவில்லை.

ஆக, நான் வரப் போகிறேன். அப்பா கூட வருகிறேன் என்று குதித்தார். பட்டறையில் ஆஸ்பத்திரி ஃப்ரீசர் ஒன்று வந்து கிடக்கிறது, அதில் மருந்து வைக்க வேண்டுமாம், விட்டுவிட்டு வர முடியாது. கேப்டன் கப்பலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். மேனேஜரிடம் விடுப்புக் கேட்டேன். சீசன் நேரத்திலா என்றார். என் வீட்டில் ஒரு அறையில் அட்டை தொங்குகிறது என்றேன். மனுஷன் உடனே கையெழுத்துப் போட்டார்.

நான் இதுவரை தனியாக ரயில் ஏறினதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அண்ணன் கூட, அப்புறம் உன் அப்பா கூட, அப்புறம் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு. இந்த வயதில் தனிப் பயணம். சிரிக்காதே. சிரித்தாலும் சரி, சத்தமாகச் சிரி, கீழ்வீட்டு அம்மாவுக்குக் கேட்கட்டும், அவர் எனக்குப் போன் பண்ணிச் சொன்னால் டிக்கெட்டை ரத்து செய்துவிடுகிறேன்.

இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வருமோ, நான் இதற்கு முன்னால் வருவேனோ தெரியவில்லை. எது முதலில் வந்தாலும் நீ அந்த அறையில் பத்திரமாக இரு. நான் வரும்வரை இரு. அது ஒன்றுதான் கேட்கிறேன்.

பெட்டி கட்டிக்கொண்டிருக்கிற,
அம்மா


புதன்கிழமை, உன் வீட்டு மாடிப்படி

வாயாடி,

வந்துவிட்டேன். மேலிருந்து மூன்றாவது படியில் உட்கார்ந்து, டிக்கெட் வைத்திருந்த உறையைப் பிரித்து அதன் உள்பக்கத்தில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் உன் கதவுக்கு அடியில் தள்ளுவேன். வெளியிலிருந்து உள்ளே போகிற சீட்டுக்கு விதியில் தடை இல்லை.

சற்று முன்னால் மூன்று தடவை தட்டினது நான்தான். பழக்க தோஷத்தில் 'ஹவுஸ்கீப்பிங்' என்று சொல்லிவிட்டேன். சொன்னது காதில் விழுந்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. உடனே 'அம்மா' என்று திருத்திச் சொன்னேன். கேட்டிருப்பாய். பதில் வரவில்லை. ஆனால் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, நான் குரல் கொடுத்ததும் நின்றுவிட்டது. யாரை ஏமாற்றப் பார்க்கிறாய்?

வந்த கதையைக் கேள். ரயிலில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. உன் கதாநாயகி மாதிரி மேகத்தைப் பார்க்கலாம் என்று பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கழுத்து வலித்தது. பெட்டியை விட்டுவிட்டுக் கழிப்பறைக்கு எப்படிப் போவது என்று பாதி வழி அடக்கிக்கொண்டே வந்தேன், கடைசியில் எதிர் சீட்டுப் பெண்ணிடம் பார்த்துக்கச் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வரும்போது அவள் என் பெட்டிமேல் காலைப் போட்டுக்கொண்டு காவல் இருந்தாள். நிலையத்தில் இறங்கினதும் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தேன். ஒருத்தரைக் கேட்டேன், அவர் தப்பாகச் சொன்னார். தப்பான பேருந்தில் ஏறி, நடத்துனரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, பாதியில் இறங்கி நடந்தேன். ஒரு பழக்கடைக்காரி கடையை அப்படியே போட்டுவிட்டு முக்கு வரைக்கும் வந்து உன் தெருவைக் காட்டிவிட்டுப் போனாள். வழி முழுக்கப் பயந்துகொண்டே வந்தேன், வாயாடி. நான் என்னை ஒன்றும் தேடவில்லை, உன் வீட்டைத்தான் தேடினேன். கிடைத்துவிட்டது. எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது, ஏன் சொல்லக் கூடாது?

கீழ்வீட்டு அம்மா மாற்றுச்சாவி இருக்கிறது, திறந்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அட்டை தொங்குகிற அறைக்குள் நான் ஒரு நாளும் சாவி போட்டதில்லை, குரல் கேட்காத அறைகளைத் தவிர. சாவியை என் கையில் வாங்கி வைத்திருக்கிறேன். அது இப்போது என் மடியில் இருக்கிறது. என்னை அதைப் பயன்படுத்த வைக்காதே, கண்ணு.

விமர்சனம் பற்றிப் பேச வரவில்லை. நாவல் பற்றியும் இன்றைக்குப் பேச மாட்டேன். நீ இனி எழுதாமலே போனாலும் சரி. இல்லை, அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன், ஆனால் அந்தச் சண்டையை அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம். அதற்கு நீ வேண்டும். எதிரே நின்று கையை ஆட்டி ஆட்டிக் கத்துவதற்கு நீ வேண்டும்.

பெட்டியில் வெள்ளை விரிப்பு ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். நல்ல கெட்டித் துணி. என்னால் தனியாகவே சுருக்கமில்லாமல் விரிக்க முடியும், இருபத்தைந்து வருஷமாக அதைத்தான் செய்கிறேன். ஆனாலும் ஒரு முனையை நீ பிடி. எதுவும் கேட்க மாட்டேன். தலையணைக்காரி கேட்டாளா?

அப்பா நேற்று நான் ரயிலில் இருக்கும்போதே நான்கு தடவை கூப்பிட்டுவிட்டார். குரல் கேட்டாச்சா, குரல் கேட்டாச்சா என்று ஒரே கேள்வி. இன்னும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராமல், ரயில் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று பொய் சொல்லிவிட்டேன். பட்டறையில் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறார்.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. நீ கதவுக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறாய், கதவின் கீழே வெளிச்சத்தில் உன் நிழல் தெரிகிறது. இப்போது இருமினாய்.

எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. ஆனாலும் சூப்பர்வைசர் சூப்பர்வைசர்தான். இருமல் குரல் ஆகாது. மூக்கை உறிஞ்சுவதும் கணக்கில் வராது. வார்த்தை வேண்டும்.

அந்தக் கதவைத் திறக்க வேண்டாம். இன்றைக்குத் திறக்காவிட்டாலும் பரவாயில்லை, கீழ்வீட்டில் எனக்குப் படுக்க இடம் கொடுத்திருக்கிறார்கள், நாளைக் காலையும் வந்து தட்டுவேன், மறுநாளும் தட்டுவேன், எனக்கு இது வேலைதான், அலுக்காது. இந்த உறையைத் தள்ளிவிட்டு மறுபடியும் மூன்று தடவை தட்டப் போகிறேன். ஒரே ஒரு வார்த்தை சொல். 'அம்மா' என்றாலும் சரி, 'போ' என்றாலும் சரி.

கதவுக்கு இந்தப் பக்கம்,
உயிரோடு இருக்கிற உன் அம்மா